அரங்கமாநகரின் தோற்றமும் தொல்வரலாறும்

அரங்கம் என்னும் தமிழ்ச் சொல்லுக்கு ஆற்றிடைக்குறை என்பது பழம்பொருள். ஓடும் நீர் இரண்டாகப் பிளந்து மீண்டும் கூடுமுன் நடுவே விட்டுச் செல்லும் மேட்டு நிலமே அரங்கம். நாடகம் ஆடுமிடம், அவை கூடுமிடம் என்ற பொருள்களும் இச்சொல்லுக்கு உண்டு. வடமொழியில் ‘ரங்கம்’ என்பதற்கும் ஆடுகளம் என்றே பொருள். எம்பெருமான் உகந்து எழுந்தருளியிருக்கும் இடமாதலின் ரங்கம் என்றனர் வடநூலார். காவிரியின் நடுவே கிடக்கும் திட்டு ஆதலின் அரங்கம் என்றனர் தமிழர். இரண்டு மொழிகளும் இரண்டு வழியாக வந்து ஒரே பெயரில் சந்தித்தது இத்திருப்பதியின் தனிச்சிறப்பு எனலாம்.

இந்நகரின் தோற்றத்தை அறிய விரும்புவோர் முதலில் ஆற்றை அறிதல் வேண்டும். மேற்கே குடகு மலையில் பிறந்து வரும் காவிரி, திருச்சிராப்பள்ளிக்கு மேற்கே முக்கொம்பு என்னுமிடத்தில் இரு கிளையாகப் பிரிகின்றது. தென்கிளை காவிரி என்ற பெயரையே தாங்கிச் செல்ல, வடகிளை கொள்ளிடம் எனப்படுகின்றது. ஸ்ரீரங்கத்துப் பெரியோர் இதனை வடதிருக்காவேரி என்று வழங்குவர். இவ்விரு கிளைகளும் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தூரம் ஒன்றுக்கொன்று அணுகியே ஓடிக் கல்லணைக்கருகில் மீண்டும் ஒன்றையொன்று தொட முற்படுகின்றன. இடைப்பட்ட நீண்ட குறுகிய தீவிலேதான் திருவரங்கமும் அதற்குக் கிழக்கே திருவானைக்காவும் அமைந்துள்ளன.

இரு கிளைகளுள் கொள்ளிடத்தின் படுகை தாழ்ந்தது. கடலுக்குச் செல்லும் வழியும் அதற்குக் குறுகியது. ஆகவே வெள்ளம் வரும்போதெல்லாம் நீர் அப்பக்கமே பாய விரும்புகின்றது. மணலோ காவிரியில் படிகின்றது. கல்லணையருகே காவிரி நீர் தாழ்ந்த கொள்ளிடத்துக்குள் இறங்கிப் போய்விடாமல் காத்ததனால்தான் சோழ நாட்டுக் கழனிகள் இரண்டாயிரம் ஆண்டுகளாக விளைந்து வருகின்றன. அதனைக் கரிகால் சோழனின் செயலாகவே நாடு போற்றுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காவிரி தூர்ந்து கொள்ளிடமே பெருகத் தொடங்கியபோது, ஆர்தர் காட்டன் என்னும் பொறியாளர் 1836ஆம் ஆண்டு முதல் முக்கொம்பில் மேலணையைக் கட்டுவித்து நீரைச் சமன்செய்தார். அந்த மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் இடிந்து வீழ்ந்ததும், பின்னர் அவ்விடத்தில் புதிய கதவணை எழுந்ததும் அன்பர்கள் பலரும் அறிந்த செய்தி. ஆற்றின் இழுபறி இன்றளவும் ஓயவில்லை.

இத்தகைய இடத்தில் ஒரு நகரத்தை யார் நிறுவுவர்? மன்னர்கள் கோநகர் அமைக்கக் கருதினால் மேட்டுக் கரையைத் தேர்ந்திருப்பர். சோழர் அவ்வாறே செய்தனர். அவர்தம் பழந்தலைநகராகிய உறையூர் காவிரியின் தென்கரையிலேயே உள்ளது. அங்கே 1960களின் பிற்பகுதியில் சென்னைப் பல்கலைக்கழகத்தார் நிகழ்த்திய அகழாய்வில் கருப்பு சிவப்பு மட்கலங்களும், தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளும், துணிக்குச் சாயம் தோய்க்கும் தொட்டியும் வெளிப்பட்டன. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற செங்கடல் வழிநூல், ‘அர்கரு’ என்னும் ஊரின் மெல்லிய ஆடைகளைப் பேசுகின்றது. அவ்வூர் உறையூரே என்பது அறிஞர் கொள்கை. ஆக, எதிர்க்கரையில் நெசவும் வாணிகமும் செழித்த ஒரு கோநகர் இருந்த காலத்தில், ஆற்றின் நடுவே இருந்தது ஒரு சோலைத் திட்டேயாகும். அத்திட்டு நகரமானது அரசன் ஆணையினால் அன்று. பெருமானை நாடி மக்கள் அங்குச் சென்றமையினால்.

புராணம் கூறுவதை முதலில் காண்போம். திருப்பாற்கடலினின்றும் தோன்றிய ப்ரணவாகார விமானத்தைப் பிரமதேவன் ஸத்யலோகத்தில் ஆராதித்து வந்தான். இக்ஷ்வாகு மன்னன் தவத்தினால் அதனைப் பெற்று அயோத்திக்குக் கொணர்ந்தான். ரகுகுலத்தார் வழிவழியாகப் பூஜித்த அவ்விமானத்தை, பட்டாபிஷேகம் முடிந்தபின் ஸ்ரீராமபிரான் விபீஷணாழ்வானுக்கு அளித்தருளினார். வால்மீகி முனிவர் யுத்தகாண்டத்தின் முடிவில், விபீஷணன் ‘குலதனம்’ பெற்று இலங்கை சென்றான் என்று சுருங்கக் கூறுவதை இவ்விமானத்தைக் குறிப்பதாகவே நம் பூர்வர்கள் உரைத்துள்ளனர். உத்தரகாண்டத்திலும் இக்ஷ்வாகு குலதெய்வமான ஜகந்நாதனை ஆராதித்து வருமாறு பெருமாள் அவனுக்குக் கட்டளையிடும் இடம் உண்டு.

விமானத்தைச் சுமந்து தென்திசை நோக்கிச் சென்ற விபீஷணன், இரு காவிரிக்கும் நடுவே சந்திரபுஷ்கரிணிக் கரையில் அதனை இறக்கி ஆராதனம் செய்தான். அப்போது அந்நாட்டை ஆண்டவன் தர்மவர்மன் என்னும் சோழன். அவன் தசரத சக்ரவர்த்தியின் வேள்விக்கு அயோத்தி சென்றபோது இவ்விமானத்தைக் கண்டு, அதனை அடையத் தவமிருந்தவன். பங்குனித் திருநாளை இங்கேயே நடத்திச் செல்ல வேண்டும் என்று அவன் விபீஷணனை வேண்டினான். திருநாள் முடிந்து எடுக்க முற்பட்டபோது விமானம் அசையவில்லை. கங்கையினும் மேன்மை வேண்டித் தவம் புரிந்த காவிரிக்கு அளித்த வரத்தைக் காக்கவும், தர்மவர்மனது தவத்துக்கு இரங்கவும் இங்கேயே தங்கத் திருவுள்ளம் கொண்டதாகப் பெருமான் அருளினார். இலங்கையை நோக்கியவாறே பள்ளிகொண்டிருப்பதாகவும் விபீஷணனைத் தேற்றினார். மேற்கே திருமுடியும் கிழக்கே திருவடியுமாகப் பெரியபெருமாள் தென்திசை நோக்கி சயனித்திருக்கும் காரணம் இதுவே. (மாடு மேய்க்கும் சிறுவனாய் வந்த விநாயகர் விமானத்தைத் தரையில் வைத்துவிட்டு மலைக்கோட்டைக்கு ஓடினார் என்னும் கதை மக்கள் வழக்கில் இனிமையாகப் பேசப்படுவது. ஸ்ரீரங்க மாஹாத்ம்யம் சொல்லும் வழி மேற்கூறியதேயாகும்.)

தர்மவர்மன் மதிலும் மண்டபங்களும் வீதிகளும் சமைத்து நகரம் நிறுவினான் என்பது வரலாற்றின் முதற்பகுதி. இதனோடு நின்றுவிட்டால் மற்றத் தலங்களின் புராணங்களைப் போன்றதே இதுவும் எனலாம். ஆனால் திருவரங்கத்து மரபு ஒரு கசப்பான செய்தியை மறைக்காமல் சொல்கின்றது. தர்மவர்மன் நிறுவிய நகரம் அழிந்தது. காவிரி பெருகியது, மணல் மூடியது, மூடிய மணல்மேல் காடு வளர்ந்தது. கோயில் இருந்த இடமே மறந்துபோயிற்று.

நெடுங்காலம் கழிந்து அதே குலத்து மன்னனொருவன் அக்காட்டிடையே வந்து ஒரு மரத்தடியில் இளைப்பாறினான். கிளையில் அமர்ந்த கிளி ஒன்று ஒரே சுலோகத்தை இடைவிடாது ஓதிக்கொண்டிருந்தது. காவிரியே விரஜை, அரங்கமே வைகுந்தம், அங்கு உறைபவனே பரவாஸுதேவன் என்பது அதன் கருத்து. முன்பு கோயில் இருந்த நாளில் அங்கு ஓதியவர்களிடம் கேட்டுக் கற்ற வாக்கியம் கிளிகளிடையே வழிவழியாய் நிலைத்திருந்தது போலும்! மன்னன் நிலத்தை அகழ்வித்தான். மணலுக்கடியில் விமானம் வெளிப்பட்டது. அவன் மீண்டும் கட்டினான். கிளிச்சோழன் என்ற பெயரும் பெற்றான். திருக்கோயிலுள் கிளிமண்டபம் என்ற பெயர் இந்நிகழ்ச்சியின் நினைவாகவே வழங்குகின்றது.

இந்நகரம் ஒருமுறையன்று, இருமுறை தோன்றியது என்பதையே இக்கதை கூறுகின்றது. எதிர்க்கரை உறையூர்க்கும் இத்தகைய மரபு ஒன்று உண்டு. மண்மாரி பொழிந்து அந்நகர் மூடப்பட்டது என்று செவ்வந்திப் புராணம் கூறும். அக்கதை சைவ மரபினது, காரணமும் வேறு. ஆயினும் ஒரே ஆற்றின் இரு பக்கத்து ஊர்களும் தாம் மணலில் புதையுண்டதாகவே நினைவு வைத்திருப்பது கருதத்தக்கது. ஆண்டுக் கணக்கைப் புராணத்தில் தேடுதல் பொருந்தாது. தர்மவர்மனுக்கும் கிளிச்சோழனுக்கும் கி.பி. இத்தனை என்று எழுதுவது வீண் முயற்சி. ஆனால் காவிரியின் இயல்பைப் புராணம் பிழையின்றி அறிந்திருந்தது.

இனிப் பழந்தமிழ் நூல்களுக்கு வருவோம். சங்க இலக்கியமாகிய அகநானூற்றின் 137ஆம் பாட்டு உறையூர் முதுகூத்தனார் பாடியது. தலைவன் பிரியப் போகின்றான் என்று அஞ்சும் தலைவியின் நெற்றி ஒளியிழந்ததை அப்புலவர் ஓர் உவமையால் காட்டுகின்றார். சோழரது உறந்தைப் பக்கத்தில், நீர் மோதிக் கரை சரியும் பேராற்றின் வெண்மணற் சோலையில் பங்குனி விழா நடந்தேறியது. மறுநாள் அந்த அரங்கத்தில் அடுப்புகள் இருக்கின்றன, தீ இல்லை. அவ்வெறுமை போன்றதாம் தலைவியின் நெற்றி.

இப்பாட்டை எண்ணுந்தோறும் வியப்பு மிகுகின்றது. ஆற்றிடைக்குறை, அதன் பெயர் அரங்கம், விழா பங்குனியில், இடம் உறையூரையடுத்தது. நான்கும் பொருந்துதலின் இது திருவரங்கத்தையே குறிக்கும் என்று அறிஞர் பலர் கொண்டனர். பெருமானின் திருநாமம் அப்பாட்டில் இல்லை என்பதையும் நேர்மையாகக் கூறிவிட வேண்டும். ஆயினும் புராணம் விபீஷணனை நிறுத்தி வைத்ததும் பங்குனித் திருநாளே. சங்கப் புலவன் கண்டதும் பங்குனித் திருநாளே. ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரு நூல்கள் ஒரே மாதத்தைச் சொல்வதைத் தற்செயல் என்று தள்ளிவிடுதல் எளிதன்று.

மற்றொன்றும் உண்டு. அவ்வடுப்புகள் யாருடையவை? நிலையாக வாழ்ந்தோருடையவை அல்ல. வாழ்ந்திருந்தால் மறுநாளும் தீ எரிந்திருக்கும். விழாவுக்கு வந்து, மணலில் கல்கூட்டிச் சமைத்து உண்டு, தொழுது திரும்பிய யாத்ரீகர்களுடையவை அவை. ஆகவே திருவரங்கத்தைப் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய செய்தி மன்னனைப் பற்றியதன்று, மதிலைப் பற்றியதுமன்று. திருவிழாவுக்கு வந்து போன அடியார்களைப் பற்றியது. இம்மலரைக் கையில் ஏந்தியிருக்கும் அன்பர்களின் முன்னோடிகள் அவர்களே.

சிலப்பதிகாரம் இன்னும் தெளிவாகப் பேசுகின்றது. காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் கோவலனைச் சந்தித்துத் தன் யாத்திரையைக் கூறுமிடத்து, காவிரியின் அகன்ற ஆற்றிடைக்குறையில் ஆதிசேஷன்மேல் பள்ளிகொண்ட திருக்கோலத்தையும் திருவேங்கடத்தில் நின்ற திருக்கோலத்தையும் காண வந்ததாக உரைக்கின்றான். அந்நூலின் காலம் பற்றிக் கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும் அது எழுந்த நாளில் கிடந்த திருக்கோலமும், நெடுந்தொலைவிலிருந்து அதனைக் காண வரும் வழக்கமும் நிலைபெற்றிருந்தன என்பதில் ஐயமில்லை.

அதன்பின் ஆழ்வார்கள் காலம். பன்னிருவருள் மதுரகவிகள் ஒழிந்த பதினொருவரும் திருவரங்கத்தைப் பாடியுள்ளனர், பாசுரங்கள் 247. இத்துணைப் பாடல் பெற்ற திவ்யதேசம் பிறிதொன்றில்லை. இவ்வாழ்வார்களின் சரிதங்களை வரலாற்றுக் கண்கொண்டு நோக்கினால் ஊர் எவ்வாறு வளர்ந்தது என்பதும் புலப்படும். உறையூரில் தோன்றிய திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையில் நின்றே பாடினார். அவரைத் தோளில் சுமந்து லோகஸாரங்க முனிவர் கோயிலுள் சென்றார் என்பது குருபரம்பரை. இதனால் அரங்கத்திற்கும் உறையூர்க்கும் இடையே ஆறு மட்டுமன்றி வேறு சில தடைகளும் இருந்தன என்பதும், அத்தடையைக் கடக்கச் செய்தவன் பெருமானே என்பதும் விளங்கும். தொண்டரடிப்பொடியாழ்வாரோ தீவிலேயே நந்தவனம் வைத்து மாலைகட்டி வாழ்ந்தார். வந்துபோனோர் அடுப்பு மூட்டிய மணலில், இப்போது ஒருவர் வேலியிட்டுப் பூச்செடி வளர்க்கின்றார். ஊர் வேரூன்றிவிட்டது.

திருமங்கையாழ்வார் மதில் எழுப்பிய வரலாறும் ஈண்டு நினைக்கத்தக்கது. மதிலின் போக்கில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் நந்தவனம் குறுக்கிட்டது. நேர்கோடு பார்த்தால் பூந்தோட்டம் அழியும். கலியன் மதிலை ஒதுக்கிக் கட்டினார். அவரது அன்பில் நெகிழ்ந்த தொண்டரடிப்பொடியாழ்வார், தாம் செடி கொத்தும் கருவிக்கு ‘அருள்மாரி’ என்று கலியனின் திருநாமத்தையே சூட்டினார் என்பர். நகரம் அமைப்போர்க்கு இதனினும் நல்ல பாடம் சிற்ப சாஸ்திரங்களில் கிடைப்பது அரிது.

கல்லெழுத்துகளைக் கொண்டு மட்டுமே வரலாறு எழுத வேண்டும் என்போர், திருவரங்கக் கோயில் பத்தாம் நூற்றாண்டினது என்று சொல்வதுண்டு. இது கேட்டு அடியார் சிலர் மனம் வருந்துவர். வருந்த வேண்டுவதில்லை. இங்கு கிடைத்துள்ள கல்வெட்டுகளுள் பழமையானவை முதற் பராந்தக சோழன் காலத்தவை. அவன் ஆட்சி கி.பி. 907 முதல் 955 வரை. அதற்கு முந்தைய கட்டடங்கள் செங்கல்லும் மரமுமாக இருந்தமையால் எழுத்துப் பொறிக்க இடமில்லை. பொறித்திருப்பினும் ஆறு விட்டுவைத்திராது. கல்வெட்டு தொடங்குமிடம் கல் தொடங்குமிடமேயன்றிக் கோயில் தொடங்குமிடமன்று. சிலப்பதிகாரமும் ஆழ்வார் பாசுரங்களும் அதற்கு முன்னரே இருக்க, வேறு சான்று வேண்டுவானேன்? பின்னர்ப் பொறிக்கப்பட்டவையோ மிகப் பல. 1982ஆம் ஆண்டு வெளிவந்த தென்னிந்தியக் கல்வெட்டுகளின் 24ஆம் தொகுதி முழுவதும் இக்கோயிற் கல்வெட்டுகளுக்கே ஒதுக்கப்பட்டது. அவற்றுள் முதற் குலோத்துங்கன் காலத்ததாகிய 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று, குலசேகராழ்வாரின் ‘தேட்டருந்திறல்’ திருமொழி இங்கு ஓதப்பட்டதைக் குறிக்கின்றது. அவ்வரங்கன் திருமுன்பே நின்று அடியார் குழாத்தைக் காணும் ஆவலால் பிறந்த திருமொழி, கல்லிலும் பெயர் பெற்றது பொருத்தமே.

நாதமுனிகள், ஆளவந்தார் ஆகியோர் காலத்தில் திருவரங்கம் ஸம்ப்ரதாயத்தின் தலைமைப் பீடமாயிற்று. எம்பெருமானார் (1017–1137) காஞ்சியினின்று இங்கு எழுந்தருளி, கோயிற் கைங்கரியங்களை ஒழுங்குபடுத்தியதை ‘கோயிலொழுகு’ விரிவாக எழுதுகின்றது. முன்பு ஐந்து கொத்தாக இருந்த பரிஜனங்களைப் பத்துக் கொத்தாக அவர் வகுத்தார். மாலை கட்டுவோர், திருமடைப்பள்ளியார், வேதம் ஓதுவோர், தச்சர், காவலர் என ஒவ்வொருவர்க்கும் கடமையும் உரிமையும் வரையறுக்கப்பட்டன. ஒரு கோயிலின் நிர்வாகம் போலத் தோன்றும் இது உண்மையில் ஒரு நகரத்தின் அமைப்பேயாகும். தொழிலும் வீடும் வீதியும் பெருமானின் நித்யபடியைச் சுற்றியே அமைந்தன. ஒரு பங்குனி உத்திரத்தன்று அவர் பெருமாளும் தாயாருமான சேர்த்தியில் கத்யத்ரயத்தை விண்ணப்பித்தார் என்பதும் அடியார் அறிந்ததே.

ஏழு திருச்சுற்றுகளின் பெயர்களே நகரின் வளர்ச்சியைக் கூறும். உள்ளிருந்து தர்மவர்மன், ராஜமகேந்திரன், குலசேகரன், ஆலிநாடன், அகளங்கன், திருவிக்கிரமன், கலியுகராமன் என்று அவற்றை வழங்குவர். முதற்பெயர் புராணத்தது. ஆலிநாடன் திருமங்கையாழ்வார், அகளங்கன் என்பது விக்கிரம சோழனது விருதுப்பெயர். இப்படிப் புராண மன்னனும் ஆழ்வாரும் சரித்திர வேந்தரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். உட்சுற்றுகள் கோயில், உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் ஆகிய வெளிச்சுற்றுகள் குடிகள் வாழும் ஊர். 156 ஏக்கர் பரப்பில் கோயில் எங்கே முடிகின்றது, ஊர் எங்கே தொடங்குகின்றது என்று பிரித்துக் காட்ட யாராலும் இயலாது. ஹொய்சளர், பாண்டியர், விஜயநகரத்தார் செய்த திருப்பணிகளும், 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பும், பெருமாள் ஊர்விட்டு ஊர் எழுந்தருளிய துயரமும் பிற்கால வரலாறு; தனியே எழுதத்தக்கவை. நெடுங்காலம் அடிநிலையோடு நின்றிருந்த தெற்கு ராஜகோபுரம் 236 அடி உயரமாக நிறைவுற்று 1987ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் ஸம்ப்ரோக்ஷணம் கண்டது.

ஆற்றுக்கும் நகருக்கும் உள்ள உறவு இன்றும் திருவிழாக்களில் தெரிகின்றது. ஆடியில் நம்பெருமாள் அம்மா மண்டபத்துக்கு எழுந்தருளிக் காவிரித் தாய்க்குச் சேலையும் மாலையும் சீராக அளிக்கின்றார். கரை சரிக்கும் ஆற்றைப் பகையாகக் கருதாமல் உறவாகக் கொண்டாடுவது திருவரங்கத்து வழக்கம். பங்குனித் திருநாளில் ஆயில்ய நக்ஷத்திரத்தன்று அவர் பல்லக்கில் புறப்பட்டுக் காவிரியைக் கடந்து உறையூர் சேர்ந்து, சோழன் மகளாகப் போற்றப்படும் கமலவல்லி நாச்சியாருடன் சேர்த்தி கண்டருளுகின்றார். அன்றிரவே அரங்கத்துக்குத் திரும்ப வேண்டும். பங்குனி உத்திரத்தன்று பெரியபிராட்டியாருடன் சேர்த்தி காத்திருக்கின்றது. உறையூரார் வழியனுப்ப, பல்லக்கு மீண்டும் ஆற்றைக் கடக்கின்றது.